நாக்கைப் பல்லில் வை

கொத்து ரொட்டியைக் 'கோட்டூ' என்று சொன்னதற்காக இலங்கை மலைநாட்டு எல்லயில் இதுவரை எந்த வெள்ளைக்காரனும் அடி வாங்கியதில்லை. அதைச் சரியாகச் சொல்லிக்கொடுத்ததற்குத்தான் அடி விழுந்தது, ரத்தம் கொட்டியது, ஒரு மனுசனுக்குக் கண் போனது. நம்ப முடியாதவர்கள் நமுனுகுலப் பக்கம் போய் விண்டப்பன் தோட்டத்தில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

விண்டப்பன் என்பது யாருடைய அப்பன் பெயரும் இல்லை. அந்தக் காலத்துத் துரை ஒருவன் தன் ஊர் ஞாபகமாக வின்டர்போர்ன் என்று பெயர் வைத்தான். தேயிலை நட வந்த நம் ஆட்கள் அதை வாயில் போட்டு மென்று விண்டப்பன் ஆக்கிவிட்டார்கள். ஆக, அடுத்தவன் ஊர்ப் பெயரைக் கடித்துத் துப்புவது வெள்ளைக்காரனுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. எல்லாருக்கும் உள்ளதுதான். அதற்கெல்லாம் யாராவது மண்டையை உடைத்துக்கொள்வார்களா என்ன?

ஜொனி உடைத்தான்.

ஜொனி கொத்துப் போடுகிறவன். எல்ல கடைத்தெருவில், பதுளை ஸனூஸ் முதலாளியின் கடை வாசலிலேயே அவன் ரொட்டி கொத்துகிற இரும்புக் கல். உள்ளே வருகிற சனம் முதலில் பார்ப்பது அவனைத்தான், கேட்பது அவனுடைய இரண்டு தகடும் கல்லில் விழும் சத்தத்தைத்தான். வாட்டசாட்டமான ஆள். சத்தத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்தச் சத்தமெல்லாம் கையில்தான். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச வேண்டிய இடம் வந்தால் ஆள் மாயமாகிவிடுவான்.

அதே கடையில் மேசைக்கு மேசை சாப்பாடு கொண்டுபோய் வைப்பவள் ஜெயந்தினி. ஜொனிக்குத் தூரத்து மாமன் மகள், அவனுடைய விண்டப்பன் தோட்டத்திலேயே தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்துக்காரி. இரண்டு பேருக்கும் கலியாணம் பேசியாகிவிட்டது. கத்தோலிக்க வேதக்காரர் வழக்கப்படி கோவிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும்: இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று. இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவதும் முடிந்தால் தாலிதான்.

ஸனூஸ் முதலாளி நல்ல மனுசன்தான், ஆனால் முதலில் வியாபாரி. வேலைக்குச் சேர்கிற எவருக்கும் அவர் சொல்லும் முதல் பாடம் ஒன்றுதான்.

"வாறவன் எப்பிடிச் சொல்லுறானோ அப்பிடியே நீங்களும் சொல்லுங்க. அவன் கோட்டூ எண்டா உங்களுக்கும் கோட்டூ. திருத்தப் போனா அவனுக்கு வெக்கமாப் போகும். வெக்கப்பட்டவன் ரெண்டாவது ஓடர் குடுக்கமாட்டான்."

அதனால் அந்தக் கடையில் குசினிக்குள் சமைப்பவர்களுக்குக் குரல் கொடுப்பதுகூட வெள்ளைக்காரன் வாயால்தான். "ரெண்டு கோட்டூ! ஒரு பால் சாம்போல்!" தேங்காய்ப் பொல் சம்பலுக்கு வந்த கதி அது. வட்டிலப்பம் 'வாட்டலாப்பேன்' ஆயிற்று. ரயிலுக்குப் போகிறவர்கள் பதுளையைப் 'படூலா' என்பார்கள், ஹப்புத்தளையை 'ஹாப்யூடேல்' என்பார்கள். நமுனுகுலவை மட்டும் ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டு மலையை விரலால் காட்டுவார்கள். கேட்டுக் கேட்டுப் பழகி, ஒருநாள் ஜொனி வீட்டிலேயே "அம்மா, கோட்டூ கொண்டாந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டான். அவனுடைய அம்மா மரியகொரட்டி, "என்ன எழவுடா அது?" என்று பார்சலைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கையை வைத்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கடைக்குத்தான் ஒரு செம்பட்டைத் தாடி இங்கிலீசுக்காரன் வந்தான். கையில் குச்சியில் மாட்டிய போன். அவனுக்கு அதுதான் தொழில். ஊர் ஊராகப் போவான், சாப்பாட்டுப் பெயரையும் ஊர்ப் பெயரையும் தன் நாட்டார் சொல்வதுபோலச் சொல்லுவான், பிறகு அந்த ஊர்க்காரரைப் பிடித்து, சரியாகச் சொல்லத் தனக்குக் கற்றுக்கொடு என்று கேட்பான். அதை வீடியோ எடுத்துப் போடுவான். அவன்மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. மற்றவர்களுக்கு வராத அக்கறை அவனுக்கு வந்ததே, அதற்கு அவனைக் கும்பிட வேண்டும்.

அவன் ஜெயந்தினியிடம் கேட்டான். அவள் முதலாளியைப் பார்த்தாள். முதலாளி கமெராவைப் பார்த்தார். அவ்வளவுதான், அவருடைய சட்டம் காற்றில் பறந்தது. "சொல்லிக் குடு புள்ள, சொல்லிக் குடு" என்று தன் தலைமுடியைத் தடவிவிட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"கொத்து" என்றாள் ஜெயந்தினி.

"கோட்டூ" என்றான் அவன்.

"கொத்து."

"கோட்-டூ."

"பதுளை."

"படூலா."

பாவம், அவன் நாக்கு மேலண்ணத்துக்கே ஓடியது. கடையே சிரித்தது, அவனும் சேர்ந்து சிரித்தான். ஜெயந்தினிக்கு மேசையில் பேசுகிற அளவுக்கு இங்கிலீசு வரும். நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று விளக்குகிற இங்கிலீசு அவளுக்கு எங்கிருந்து வரும்? திணறிக்கொண்டு நின்றாள்.

கல்லுக்குப் பின்னால் ஜொனிக்கு நெஞ்சு விம்மியது. தன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவள் வெள்ளைக்காரனுக்கு வாத்தியாராக நிற்கிறாள் என்ற பெருமை. அங்கிருந்தே சத்தம் போட்டான்.

"சொன்னா இவனுக்கு வெளங்காது ஜெயா. நாக்க நீட்டிக் காட்டு. பல்லுல வச்சுக் காட்டு!"

"போங்க மச்சான், வெக்கமா இருக்கு."

"என்னா வெக்கம்? இங்கிலீசுக்காரனுக்கே பாடம் எடுக்குற. காட்டுடி!"

காட்டினாள். வாயைத் திறந்து, நாக்கு நுனியைப் பல்லுக்கு நடுவில் வைத்து, விரலால் தொட்டுக் காட்டினாள். அவன் குனிந்து உற்றுப் பார்த்தான். தன் நாக்கையும் அதேபோல நீட்டிப் பல்லில் வைத்தான். இரண்டு முகத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. "கொத்து" என்றாள். "கொ...த்து" என்றான். வந்துவிட்டது! கடை கைதட்டியது. ஜொனி இரண்டு தகட்டாலும் கல்லில் தவிலடி அடித்தான். அடுத்து பதுளையும் வந்தது. அந்த மனுசன் குழந்தைபோலத் தெரு நெடுக "கொத்து, கொத்து" என்று சொல்லிக்கொண்டே போனான்.

நடந்தது இவ்வளவுதான். இதற்குமேல் ஒரு மண்ணும் இல்லை.

அவன் போட்ட முழு வீடியோவை எங்கெங்கோ இருந்தெல்லாம் சனம் பார்த்து ரசித்தது. ஜெயந்தினியும் அதைத் தன் போனில் இறக்கி வைத்துக்கொண்டாள். இங்கிலீசு வீடியோ என்பதால் தோட்டத்தில் வேறு எவரும் அதைத் தேடிப் பார்க்கவில்லை. அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. நம் ஊர்ப் பரதேசி ஒருவன், எவன் என்று கடைசிவரை தெரியவில்லை, அதிலிருந்து நாக்கு இரண்டும் தெரிகிற இடத்தை மட்டும் வெட்டி எடுத்தான். பேச்சை எடுத்துவிட்டுக் காதல் பாட்டு ஒன்றைப் போட்டான். மெதுவாக ஓடவிட்டான். மேலே 'எல்லயில் முத்த வகுப்பு' என்று எழுதினான். சத்தமில்லாமல் பார்த்தால் அது வேறு விசயம்தான். ஒரு பொம்பளைப் பிள்ளை, ஒரு வெள்ளைக்காரன், நீட்டிய நாக்கு. பார்க்கிறவன் புத்திக்குச் சொல்லவா வேண்டும்?

சனிக்கிழமை ஜெயந்தினி லீவு போட்டுவிட்டுக் கலியாண ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் பசறைக்குப் போயிருந்தாள். ஜொனி பின்னேர பஸ்ஸில் தனியாக வந்தான். பஸ்ஸில் இரண்டு பேர் போனைப் பார்ப்பதும் அவனைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நமுனுகுலச் சந்தியில் இறங்கித் தேத்தண்ணிக் கடைக்குள் நுழைந்ததும் பக்கத்துத் தோட்டத்துப் பொடியன்கள் சூழ்ந்துகொண்டு போனை அவன் மூக்குக்கு நேரே நீட்டினார்கள்.

"நீயும் அந்தக் கடதானேடா? இது நடக்குறப்ப நீ எங்க நின்ன?"

இந்த இடத்தில் ஒரே ஒரு வார்த்தை போதும். 'நான்தாண்டா காட்டச் சொன்னேன், கொத்துன்னு சொல்லத் தெரியாத மடையனுக்குச் சொல்லிக் குடுத்தா' என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால், அத்தனை பேரும் அசடு வழிந்துகொண்டு கலைந்திருப்பார்கள். ஆனால் ஜொனிக்குப் பொடியன்களின் சிரிப்பு வேறு மாதிரிக் கேட்டது. கட்டிக்கப் போறவள வெள்ளக்காரனுக்கு நாக்கு நீட்டச் சொல்லிட்டுப் பாத்துக்கிட்டு நின்னவன் என்று கேட்டது. முகம் செத்துப்போய்ச் சொன்னான்:

"நான் பின்னுக்குக் குசினியில நின்னேன். எனக்கு ஒண்ணும் தெரியாது."

பாவி. வாயிலிருந்து அது விழுந்த நேரத்திலேயே ஜெயந்தினியைத் தூக்கித் தெருவில் போட்டுவிட்டான்.

ஒருவன் நாக்கை நீட்டி ஆட்டினான். ஜொனி கையில் இருந்த தேத்தண்ணியைக் கிளாசோடு அவன் முகத்தில் அடித்தான். கிளாஸ் உடைந்து அவன் புருவம் பிளந்தது. அடுத்த நிமிடம் ஜொனி தரையில் கிடந்தான், மேலே அத்தனை காலும் விழுந்தது. விலாவில் உதைத்தார்கள், வாயில் உதைத்தார்கள், ஒருவன் பலகையை எடுத்து முதுகில் போட்டான். ஜொனியும் விடவில்லை. எட்டிய காலைப் பிடித்துத் தசையைக் கடித்துக் குதறினான். கடைக்காரர் தண்ணீரை வாரி இறைத்தும் அடங்கவில்லை.

அப்போது திரீவீலைக் குறுக்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டு டெரன்ஸ் குதித்தான். டெரன்ஸ் ஜொனியின் லயத்துக்காரன், சின்ன வயதுக் கூட்டாளி, கலியாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழன். நாலு அடியைத் தானும் வாங்கிக்கொண்டு ஜொனியை இழுத்து வண்டியில் போட்டுக் கிளம்பினான்.

"டேய் ஜொனி, நம்ம ஜெயா அப்பிடியாப்பட்ட புள்ளயாடா?" என்றான் வழியில். "அங்க என்ன நடந்துச்சுன்னு சொல்லிட்டா முடிஞ்சு போச்சு. எதுக்குக் கை நீட்டுற?"

"எனக்குத் தெரியாதுன்னு சொல்றேன்ல!" என்று ரத்தத்தைத் துப்பினான் ஜொனி.

வீட்டில் மரியகொரட்டி கதவை அடைத்துக்கொண்டு நின்றாள். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் வைத்தே அவளுக்கும் யாரோ காட்டிவிட்டார்கள்.

"நாக்க நீட்டுறவளுக்கா நான் தாலி வாங்கி வச்சிருக்கேன்? நீ அங்க நின்னியா இல்லையா? அத சொல்லு!"

"நிக்கல!"

"நின்னிருந்தா அவன் தாடியப் பிடிச்சு இழுத்து அறைஞ்சிருக்க வேணாமா? ஆம்பளதானே நீ?"

ஜொனி சோற்றுப் பானையை ஒரு உதை உதைத்தான். சுடுசோறு சுவரெல்லாம் தெறித்தது. மரியகொரட்டி விளக்குமாற்றை எடுத்து அவன் முகத்திலேயே விளாசினாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிய முறுக்கில் கண்ணாடி வளையல்கள் நொறுங்கிச் சதைக்குள் ஏறின. பெற்றவள் கையிலிருந்து ரத்தம் சொட்டுவதைப் பார்த்த பிறகாவது அவன் வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. ஜெயந்தினி அவனுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவையும் கட் பண்ணினான்.

அந்த ஞாயிறு பூசை முடிவில்தான் மூன்றாவது ஓலை. காலையில் அவள் முன்னமே வந்து கோவில் படிக்கட்டில் காத்திருந்தாள். முந்தானையை இழுத்துக் கழுத்தைப் போர்த்தியிருந்தாள். அப்படியும் தெரிந்தது, பெல்ட் அடி காதுக்குக் கீழே ஆரம்பித்து உள்ளே இறங்கியிருந்தது. அடித்தவர் அவளுடைய அப்பா.

"மச்சான், அப்பா நான் சொல்றத நம்பமாட்டேங்குறாரு. யாரும் நம்பமாட்டேங்குறாங்க. நீங்க அங்கதான் நின்னீங்கன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்கதான் காட்டச் சொன்னீங்கன்னு சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"சந்தியில நான் இல்லன்னு சொல்லிட்டேன்."

அவளுக்கு முதலில் அது உறைக்கவில்லை. "ஏன்?" என்று கேட்டாள்.

அவன் பார்வையைக் கோவில் கதவுக்குத் திருப்பினான். அவளே மூச்சை அடக்கிக்கொண்டு போனை எடுத்தாள். "சரி விடுங்க. எங்கிட்ட முழு வீடியோ இருக்கு. அதுல உங்க சத்தம் நல்லாவே கேக்குது. பூச முடிஞ்சதும் எல்லாருக்கும் காட்டிருவோம்."

அவன் சத்தம் கேட்கும்! காட்டுடி என்று அவன் போட்ட சத்தம், அடித்த தவில், எல்லாம் கேட்கும்.  ஜொனி போனைப் பிடுங்கிக் கருங்கல் படியில் அடித்தான். உடைந்ததைச் சப்பாத்துக் காலால் மிதித்து அரைத்தான். அவள் தடுக்க நீட்டிய விரலும் அதில் மிதிபட்டது.

"ஓல வாசிச்சு முடியட்டும், எல்லாம் தானா அடங்கிரும். அதுவரைக்கும் வாய மூடிட்டு இரு!"

அவள் நசுங்கிய விரலை மற்றக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே போய்ப் பெண்கள் பக்கம் மண்டி போட்டாள்.

பசறையிலிருந்து வருகிற சாமியார் பழைய காலத்து ஆள். நன்மை, அதாவது நற்கருணை, கொடுக்கும்போது அப்பத்தைக் கையில் கொடுக்கமாட்டார். சனம் பீடத்துக்கு முன்னால் வரிசையாக முழந்தாளிட வேண்டும், கண்ணை மூடி, வாயைத் திறந்து, நாக்கை நீட்ட வேண்டும். அவர் நாக்கில் வைப்பார். அந்தக் கோவிலில் அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். அதைப் பற்றி ஒருத்தரும் ஒருநாளும் யோசித்ததில்லை. அன்றைக்குத்தான் கோவில் முழுக்க எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அந்த யோசனை வந்தது.

ஜெயந்தினி எழுந்து போகலாமா வேண்டாமா என்று ஒரு கணம் நின்றாள். பிறகு போனாள். போகாவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமே! ஆண்கள் வரிசையும் பெண்கள் வரிசையும் முட்டுகிற நடு இடம்தான் காலியாக இருந்தது. அங்கே முழந்தாளிட்டாள். பக்கத்தில் ஆண்கள் வரிசையின் கடைசி ஆள் டெரன்ஸ். ஜொனி அடுத்த வரிசைக்காக அவர்களுக்குச் சற்றுப் பின்னால், பக்கவாட்டில் இருவர் முகமும் தெரிகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தான். முந்தின நாள் அடியில் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மற்றக் கண் கோவிலைச் சுற்றிச் சுற்றி வந்தது.

சாமியார் வந்தார். "கிறிஸ்துவின் திருவுடல்" என்றார். "ஆமென்" என்று ஜெயந்தினி நாக்கை நீட்டினாள். பக்கத்தில் டெரன்ஸும், அடுத்தது தன் முறை என்பதால், கண்ணை மூடி முகத்தைத் தூக்கி நாக்கை நீட்டினான். இரண்டு முகமும் பக்கத்தில் பக்கத்தில்.

பின்னாலிருந்து எவனோ 'க்ளுக்' என்று சிரித்தான்.

ஜொனியின் கண்ணில் அப்போது கோவில் இல்லை, பூசை இல்லை. நீட்டிய நாக்கு இரண்டு மட்டும்தான். டெரன்ஸும் நக்கல் அடிக்கிறான் என்று அவன் மூளை முடிவு கட்டியது. நேற்று அடி வாங்கிக்கொண்டு தன்னை இழுத்து வந்த அதே டெரன்ஸ்! பக்கத்தில் நின்ற இரும்பு மெழுகுதிரித் தண்டை இரண்டு கையாலும் தூக்கி, கண்ணை மூடியிருந்தவன் முகத்தில் பக்கவாட்டில் வீசினான்.

தாடை உடைந்த சத்தம் கடைசி வரிசை பெஞ்சு வாங்குவரை கேட்டது. டெரன்ஸ் கத்தக்கூட இல்லை. அவன் நாக்கைப் பல்லே வெட்டியிருந்தது. அவன் சரிந்ததும் ஜொனி மறுபடியும் அடித்தான், தண்டில் மெழுகுதிரி செருகுகிற முள் முனை கண்ணுக்குள் இறங்கியது. மறுபடியும் ஓங்கினான். சாமியார் குறுக்கே கையை நீட்டினார், அந்த அடி அவர் கையில் விழுந்து பாத்திரம் கவிழ்ந்தது. அப்பங்கள் ரத்தத்தில் சிதறின. அதைப் பார்த்த பெண்கள் வைத்த ஓலத்தில் கோவில் கூரை அதிர்ந்தது.

ஆம்பளைகள் பாய்ந்தார்கள். டெரன்ஸின் அண்ணன் வாங்குப் பலகையால் ஜொனியின் முழங்காலில் போட்டான். ஜொனி விழுந்தான், நாலு பேர் மேலே ஏறிக் குத்தினார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் ஜெயந்தினி எழுந்து நின்று கத்தினாள்.

"நிறுத்துங்க! டெரன்ஸண்ணே என்ன செஞ்சாரு? நன்மை எடுக்க நாக்க நீட்டுனாரு. நான் என்ன செஞ்சேன்? கொத்துன்னு சொல்லிக் குடுக்க நீட்டுனேன். நீட்டச் சொன்னதே இவருதான்! கல்லுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு, எனக்கு வெக்கமா இருக்குன்னு சொல்லச் சொல்ல, காட்டுடின்னு சத்தம் போட்டதே இவருதான்! அவன் சரியாச் சொன்னதும் தவிலடிச்சாரு. கேளுங்க, இப்ப இல்லன்னு சொல்லச் சொல்லுங்க!"

குத்திக்கொண்டிருந்தவர்களின் கை நின்றது. எல்லாரும் ஜொனியைப் பார்த்தார்கள். ஜொனி தடுமாறி எழுந்தான். ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தாலே போதும். அவன் என்ன செய்தான் தெரியுமா? இரண்டு எட்டில் அவளிடம் போய், மூடிய கையால் அவள் வாயிலேயே குத்தினான்.

அவள் பீடப் படியில் போய் விழுந்தாள். உதடு கிழிந்து முன்பல் ஒன்று வெளியே வந்துவிட்டது. இந்தத் தடவை யாரும் ஜொனியை அடிக்கவில்லை. டெரன்ஸின் அண்ணன்கூடப் பலகையைக் கீழே போட்டுவிட்டான். அந்தக் குத்தே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டது. முதலில் அசைந்தது மரியகொரட்டிதான். கட்டுப் போட்ட கையோடு ஓடிப்போய் ஜெயந்தினியின் தலையைத் தூக்கி மடியில் வைத்து, முந்தானையை அவள் வாயில் அழுத்தினாள். மகனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீயாடா சொன்ன? நின்னுக்கிட்டே இல்லன்னியாடா?"

ஜொனி பின்னுக்கு நகர்ந்தான்.

ஜெயந்தினி முந்தானையை விலக்கிவிட்டு மெல்ல எழுந்தாள். சாமியார் உடைந்த கையோடு முழந்தாளில் நின்று அப்பங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"சாமி, எங்க மூணாவது ஓல வாசிக்க வேணாம். தடை இருக்கு. நான்தான் சொல்றேன்."

கிழிந்த வாயால் சொன்னதால் பாதிதான் விளங்கியது. சாமியார் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு அவள் ஜொனி பக்கம் திரும்பினாள். மச்சான் என்றும் வாங்க போங்க என்றும் அவனை அழைத்துப் பழகியவள், அன்றைக்கு முதல் தடவையாக நீ என்றாள்.

"அடிச்சதுக்காக இல்லடா. எங்கப்பாவும்தான் அடிச்சாரு. அவருக்கு நடந்தது தெரியாது. நீ பாத்துக்கிட்டு நின்ன."

டெரன்ஸை அவனுடைய திரீவீலிலேயே ஏற்றி, வேறொருவன் ஓட்டிக்கொண்டு பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். அடுத்த வண்டியில் மரியகொரட்டி ஜெயந்தினியைக் கூட்டிக்கொண்டு ஏறினாள். அம்மா தன்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று ஜொனி நினைத்தான். அவள் பார்க்கவில்லை. சனமெல்லாம் பின்னாலேயே ரோட்டுக்கு இறங்கிப் போய்விட்டது. பொலிஸ் வரும்வரை டெரன்ஸின் அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் கயிற்றால் கட்டி அவனைக் கோவில் வாசலில் உட்காரவைத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கத்தித் திமிறினான். அப்புறம் அழுதான்.

பொலிஸ் ஜீப் வந்தது. இறங்கிய சார்ஜன்ட் சிங்களக்காரர், தமிழ் கொஞ்சம் தெரிந்தவர். உள்ளே போய் ரத்தத்தையும் வளைந்து கிடந்த தண்டையும் பார்த்துவிட்டு வந்து ஜொனிக்கு முன்னால் நின்றார்.

"என்ன நடந்தது? சொல்லு."

"நான்தான் சார் சொன்னேன்" என்றான் ஜொனி. "நாக்க நீட்டிக் காட்டுன்னு நான்தான் சொன்னேன். அவ மாட்டேன்னா. நான் அங்கதான் சார் நின்னேன். கல்லுக்குப் பின்னாடி. எல்லாத்தையும் பாத்தேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல சார்."

சார்ஜன்டுக்கு ஒன்றும் புரியவில்லை. அவனைக் காவல் காத்தவர்களைப் பார்த்தார். அவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"அது யாரு கேக்குறது?" என்றார். "அந்த மனுசன எதுக்கு அடிச்சது? அத சொல்லு."

ஜொனி மறுபடியும் முதலிலிருந்து அதையே சொல்ல ஆரம்பித்தான்.